இருபதாம் மரத்து மங்கு

தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதற கிராணி ஐயாவை எனக்குப் பிடிக்காது. இதை முதல்லயே சொல்லிடறேன். அவரைக் காப்பாத்தப் போய்த்தான் என் வீட்டுக்காரரு பேரை வெட்டினாங்கன்னு நாங்க குடியிருந்த லயத்துல ரொம்ப நாள் பேசிக்கிட்டாங்க. பிடிச்ச மனுஷனுக்காகச் செஞ்சிருந்தாலாவது அதுல ஒரு அர்த்தம் இருந்திருக்கும்.

அப்போ நாங்க கோலாலம்பூருக்கு மேற்க மேருங்கற ஊருப் பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டத்துல இருந்தோம். நான் பால் வெட்டினேன், அவரு ஸ்டோர்ல ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்டாரு. ரப்பர் விலை விழுந்த காலம் அது. தோட்டத்துக்குத் தோட்டம் ஆளைக் கழிச்சு கப்பலேத்தி நாகப்பட்டணத்துக்குத் திருப்பி அனுப்பிக்கிட்டிருந்தாங்க. விடியக்காலம் பெரட்டுல வரிசையா நிப்போம், கிராணி பேரு கூப்பிடுவாரு. கூப்பிடாத பேருக்காரன் அன்னிக்கே மூட்டை கட்டணும். என் பேரு வர்ற வரைக்கும் நான் மூச்சே விடமாட்டேன். வந்ததும் வீட்டுக்காரரு பேரு வர்ற வரைக்கும் இன்னொரு தடவை அதே மாதிரி நிப்பேன். தினமும் இதுதான்.

பால் வெட்டற பொம்பளைங்ககிட்ட ஒரு பழக்கம் உண்டு. மரத்துல பட்டையைச் சீவி விட்டா, பால் ஒழுகி கீழ கட்டியிருக்கற மங்குல விழும். மங்குன்னா சின்னக் கிண்ணம், அவ்வளவுதான். ஒரு மரம் நிறையக் குடுக்கும், பக்கத்து மரம் நாலு சொட்டோட நின்னுடும். அது மரத்தோட குணம். ஆனா கங்காணி அதை ஒத்துக்க மாட்டாரு. சுத்தி வரும்போது ஒவ்வொரு மங்கா எட்டிப் பாப்பாரு. "ஏ புள்ள, இந்த மரத்துல பால் எங்க? வெட்டினியா, இல்ல தடவிக் குடுத்துட்டு வந்தியா?" அதோட அன்னிக்கு அரைப்பேரு, பாதிக் கூலிதான். அதனால அவரு வர்றதுக்கு முன்னாடி நிறைஞ்ச மங்குல இருந்து கொஞ்சம் எடுத்துக் குறைஞ்ச மங்குல ஊத்தி நிரவிடுவோம். நான் மட்டும் இல்ல, தோட்டத்துல எல்லாரும். எப்படியும் கடைசியில எல்லாப் பாலும் ஒரே வாளியிலதான் விழப்போகுது. இதுல என்ன திருட்டு, என்ன பொய்?

அந்த நேரத்துல கோலாலம்பூர்ல இருந்து ஒரு துரை வர ஆரம்பிச்சாரு. எங்க பெரிய துரை மாதிரி தோட்டத்தை நடத்தற ஆளு இல்ல. மரத்தைப் பத்தி ஆராயறவரு. சின்ன வயசு, வெயில்ல முகம் எரிஞ்சு எப்பவும் செவந்தே இருக்கும். எனக்குன்னு ஒதுக்கின மர நிரையில இருபது மரத்தைப் பிரிச்சு வெள்ளைப் பெயிண்டுல நம்பர் போட்டாரு. ஒண்ணு விட்டு ஒண்ணு, பத்து மரத்துல, நான் வெட்டற இடத்துக்கு மேல, என் கை எட்டாத உயரத்துல, நாலு விரல் அகலத்துக்குப் பட்டையைச் சுத்தி வளையம் மாதிரி உரிச்சு எடுத்தாரு. மரம் அரைஞாண் கட்டின மாதிரி நின்னுச்சு. எங்களுக்கு வயித்தெரிச்சல். நாங்க கத்தி ஒரு நூல் ஆழமாப் போனாலே மரத்தைக் காயப்படுத்திட்டேன்னு வாங்கிக் கட்டிக்கறோம். இவரு முழுசா உரிக்கறாரு, யாரும் கேக்கல. அன்னையில இருந்து அவருக்குப் பட்டை துரைன்னு பேரு வச்சோம்.

அந்த இருபது மரத்துப் பாலை மட்டும் வாளியில ஊத்தக் கூடாது. மங்கு மங்கா கொண்டுவந்து தோப்புலயே கிராணிகிட்ட வைக்கணும். அவரு ஒரு சின்னத் தராசுல ஒவ்வொண்ணா நிறுத்து நோட்டுல எழுதுவாரு. இதுதான் எனக்குச் சொன்னது. நிரவாதேன்னு யாரும் சொல்லல. எப்படிச் சொல்லுவாங்க? நாங்க நிரவறோம்னே அவங்களுக்குத் தெரியாது.

கிராணி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல ரயில்வே குவாட்டர்ஸ்ல பொறந்து வளந்தவரு. என் வயசுதான் இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை, தலையில வாசனை எண்ணெய். மங்கை என் கையில இருந்து வாங்க மாட்டாரு. "கட்டைமேல வை" ம்பாரு. நான் அங்க ஒரு மரக்கட்டைமேல வச்சுட்டு நாலடி தள்ளிப் போனதுக்கப்புறம்தான் எடுப்பாரு. இருபது மங்கு, இருபது தடவை. எனக்கு உள்ளுக்குள்ள எரியும். என் கை வெட்டின பாலை நிறுக்கலாம், என் கையைத் தொட்ட மங்கை நேரா வாங்கக் கூடாது. நல்லா இருக்கு நியாயம்.

மொத ஒரு மாசம் எல்லா மரமும் ஒரே மாதிரிதான் பால் குடுத்துச்சு. அப்புறம் உரிச்ச மரமெல்லாம் ஒவ்வொண்ணாக் குறைய ஆரம்பிச்சுது. மங்குக்கு அடியில மட்டும் கொஞ்சம். கங்காணி வழக்கம்போலச் சுத்தி வந்தாரு, வழக்கம்போல எட்டிப் பாத்தாரு, வழக்கம்போலத் திட்டினாரு. பட்டை உரிச்ச மரம்னு சொன்னேன். "துரை உரிச்சாரு, அதுக்கு நீ வெட்டாம விடுவியா"ன்னாரு. மறுநாள் ரெண்டாம் மரத்துக்கு ஒண்ணாம் மரத்துல இருந்து ஊத்தினேன். நாலுக்கு மூணு. ஆறுக்கு அஞ்சு. என் கை தன்னாலயே செஞ்சுது. கிராணி நிறுத்தாரு, எழுதினாரு. கங்காணி வாய மூடினாரு. எனக்கு அது போதும்.

இப்படியே மூணு மாசம் போச்சு. ஒரு நாள் காலையில கிராணி என்னவோ நல்ல மனசுல இருந்தாரு. அவரு சம்சாரம் மாசமா இருக்குன்னு கடுதாசி வந்திருந்துச்சாம். நிறுத்துக்கிட்டே தானாப் பேச ஆரம்பிச்சாரு. "இதெல்லாம் எதுக்குன்னு தெரியுமா உனக்கு?" தெரியாதுன்னேன். மரம் தனக்கு வேண்டிய சோத்தை மண்ணுல இருந்து அப்படியே உறிஞ்சறது இல்லையாம். இலையில வச்சு, வெயில்ல சமைக்குதாம். சமைச்சது பட்டை வழியாக் கீழ இறங்குதாம். நடுவுல பட்டையை உரிச்சா வழி அடைபட்டுப் போகுது. அப்போ கீழ வெட்டற இடத்துல பால் ஊறுமா, ஊறாதா, ஊறினா எத்தனை நாளைக்கு ஊறும், அதைத்தான் துரை பாக்கறாரு. சீமையில முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் தொட்டியில ஒரு செடியை வச்சாராம். வைக்கறதுக்கு முன்னாடி மண்ணை நிறுத்தாராம். அஞ்சு வருஷம் தண்ணிய மட்டும் ஊத்தி வளத்து, மரத்தைப் பிடுங்கிட்டு மறுபடியும் மண்ணை நிறுத்தாராம். மண்ணு ஏதோ கைப்பிடி அளவுதான் குறைஞ்சுதாம்.

"அப்போ மரம் எதைத் தின்னு வளந்துச்சு?"ன்னு கேட்டேன். எனக்கே ஆச்சரியம், அவருகிட்டப் போய்க் கேள்வி கேக்கறேன்னு.

"தண்ணியைத் தின்னுதான்னு அவரு சொன்னாரு. அது தப்பு. காத்துல இருந்தும் எடுக்குதுன்னு பின்னால வந்தவங்க கண்டுபிடிச்சாங்க. ஆனா அவரு சொன்னதுதான் தப்பு, நிறுத்தது தப்பில்ல. எடை சரியா இருந்ததாலதான் மத்தவங்க அந்தத் தப்பைத் திருத்த முடிஞ்சுது." இதைச் சொல்லிட்டு ஆறாம் மங்கை எடுத்து நிறுத்து எழுதினாரு. ஆறாம் மங்குல இருந்தது பாதிக்கு மேல அஞ்சாம் மரத்துப் பால்.

அப்போதான் புரிஞ்சுது நான் என்ன செஞ்சுக்கிட்டிருக்கேன்னு. அன்னிக்கே நிறுத்தியிருக்கணும். நிறுத்தினா திடீர்னு பத்து மங்கு காலியாகும். நேத்து வரைக்கும் இருந்த பால் இன்னிக்கு எங்க போச்சும்பாங்க. இத்தனை நாள் என்ன செஞ்சேன்னு கேப்பாங்க. ஆளைக் கழிக்கறதுக்குக் காரணம் தேடிக்கிட்டிருக்கற நேரத்துல நானே போய் ஒரு காரணத்தைக் கையில குடுப்பேனா? நிரவிக்கிட்டே இருந்தேன். இப்போ தெரிஞ்சே நிரவினேன். முன்னாடி கை செஞ்சுது, இப்போ நான் செஞ்சேன். அந்த வித்தியாசம் எனக்குச் சாப்பாடு இறங்கவிடல.

அப்புறம் எனக்குக் காய்ச்சல் வந்துச்சு. ரெண்டு நாள் எழுந்திருக்க முடியல. வேற ஒரு பொம்பளை என் நிரையை வெட்டினா. சோதனைக்குன்னே அந்த ரெண்டு நாளும் பட்டை துரை வந்து கூடவே நின்னாரு. துரை பக்கத்துல நிக்கும்போது எவ நிரவுவா? உரிச்ச பத்து மரத்துலயும் மங்கு காஞ்சு கிடந்துச்சு. துரை நோட்டை வாங்கிப் புரட்டினாராம். நேத்து வரைக்கும் உரிச்ச மரமும் உரிக்காத மரமும் ஒரே எடை. இன்னிக்கு ஒண்ணும் இல்ல. கிராணி தோப்புக்கே வராம ஆபீஸ் நிழல்ல உக்காந்து வாய்க்கு வந்த எடையை எழுதியிருக்காருன்னு முடிவு கட்டிட்டாரு. என்னைப் பத்தி அவருக்கு நினைப்பே வரல. பால் வெட்டறவளுக்கு ஒரு பழக்கம் இருக்கும், அதுக்கு ஒரு காரணம் இருக்கும்னு அந்தப் படிச்ச மண்டையில ஏறவே இல்ல.

மூணு நாள் கழிச்சு, சனிக்கிழமை, பெரிய துரையும் பட்டை துரையும் தோப்புலயே வச்சு விசாரிச்சு கிராணியை அனுப்பறதுன்னு பேச்சு. பொய்க் கணக்கு எழுதினவன்னு பேரு வாங்கிட்டா வேற எந்தத் தோட்டத்துலயும் சேத்துக்க மாட்டாங்க. சம்சாரத்துக்கு மூணாவது மாசம். பிரிக்பீல்ட்ஸ்ல அவங்க அம்மா வீட்டுல இருந்துச்சு.

காய்ச்சல் விட்டு நான் வேலைக்குப் போன அன்னிக்கு, வியாழக்கிழமை, கங்காணி என் மரத்துகிட்ட வந்து நின்னாரு. திட்டல. அதுவே எனக்குப் பயமா இருந்துச்சு. "உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும்"னாரு. "வாயைத் திறந்தா உன் பேரும் உன் புருஷன் பேரும் போகும். கிராணி படிச்சவன், எங்கயாவது பொழைச்சுப்பான். நீங்க?" சொல்லிட்டுப் போயிட்டாரு. அவருக்கும் உதறல்தான். மங்கு குறைஞ்சா அரைப்பேருன்னு பயமுறுத்தி எங்களை நிரவ வச்சதே அவருதானே.

சாயந்தரம் என் வீட்டுக்காரருகிட்டச் சொன்னேன். அவரு சோத்துல கை வச்சவரு அப்படியே எடுத்துட்டாரு. "அந்த ஆளு உன் கையில இருந்து ஒரு மங்கு வாங்கியிருக்கானா? அவனுக்காக நாம கப்பலேறணுமா?"ன்னு கேட்டாரு. அவரு சொன்னது அத்தனையும் நிஜம். "சும்மா இரு"ன்னாரு. கோவமாக் கூடச் சொல்லல, கெஞ்சற மாதிரி சொன்னாரு. சரின்னு தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமையும் கிராணி தோப்புக்கு வந்தாரு. கடைசி நாள்னு தெரிஞ்சும் வந்தாரு. நான் நிரவல. கை பரபரத்துச்சு, ஆனா நிரவல. ரெண்டாம் மங்கைக் கட்டைமேல வச்சேன். அடியில ரெண்டு சொட்டு. அவரு அதைத் தராசுல வச்சாரு, முள்ளு அசையவே இல்ல. அதைப் பாத்தாரு. அப்புறம் என்னைப் பாத்தாரு. புரிஞ்சுபோச்சு அவருக்கு. வாயைத் திறந்து கேப்பாரு, அப்போ அழுதுடலாம்னு நினைச்சேன். அவரு கேக்கல. ரெண்டாம் நம்பருக்கு நேரா வட்டமா ஒரு சைபர் போட்டுட்டு, "அடுத்தது வை"ன்னாரு. எனக்குக் கோவம் பத்திக்கிட்டு வந்துச்சு. திட்டியிருந்தாக்கூட நான் சும்மா இருந்திருப்பேன்.

சனிக்கிழமை காலையில இருபது மரத்துக்கு முன்னால எல்லாரும் நின்னாங்க. பெரிய துரை கைக்கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு நின்னாரு. பட்டை துரை நோட்டை மூடிக் கக்கத்துல வச்சிருந்தாரு. கங்காணி என்னையே பாத்துக்கிட்டு நின்னாரு. நான் போய் முன்னால நின்னேன். இதுல ஒரு கஷ்டம் இருந்துச்சு. துரைங்ககிட்ட எங்க பேச்சை எப்பவும் இங்கிலீஷ்ல சொல்றவரு கிராணி. இன்னிக்கு அவரு சொன்னா யாரு நம்புவாங்க? எனக்குத் தெரிஞ்ச பாசார் மலாய்ல, அதான் சந்தையில பேசற மலாய்ல, நானே சொன்னேன். கிராணி சரியாத்தான் நிறுத்தாரு, நான்தான் பக்கத்து மங்குல இருந்து ஊத்தினேன், கங்காணி திட்டுவாருன்னு ஊத்தினேன். அவ்வளவுதான் சொன்னேன்.

பட்டை துரை கிராணியைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, பெரிய துரைகிட்ட என்னவோ சொன்னாரு. ரெண்டு பேரும் சிரிச்சாங்க. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனா அந்தச் சிரிப்பு தெரியும். கிராணி என்னை ஆள் பிடிச்சு வச்சிருக்காருன்னு அர்த்தம். ஒரு பொம்பளை ஒரு ஆம்பளைக்காக வந்து பொய் சொல்றான்னா அவங்களுக்கு என்ன தோணும்? கங்காணி உடனே, "காய்ச்சல்ல பெனாத்தறா துவான்"னாரு. துரையை அப்படித்தான் கூப்பிடணும். பக்கத்து நிரையில நின்ன பொம்பளைங்க எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. நேத்து வரைக்கும் நிரவினவங்கதான் அத்தனை பேரும்.

நான் பேசினதுக்குப் பலன் இல்லாமலே என் பேரு போகப்போகுது. அந்த நிமிஷம்தான் பயம் போய் வெறும் கோவம் மட்டும் நின்னுச்சு. அப்போதான் இருபதாம் மரம் ஞாபகம் வந்துச்சு.

மத்த மரமெல்லாம் ஒரே வரிசை. இருபதாவது மட்டும் பாரிட்டுக்கு அந்தாண்ட, அதாவது தோட்டத்துத் தண்ணி ஓடற பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தனியா நிக்கும். தாண்டறதுக்கு ஒரு ஒத்தைக் கட்டை போட்டிருக்கும். சாதாரண நாள்ல பத்தொன்பதாம் மரத்துல இருந்து மங்குல பால் எடுத்துக்கிட்டு அந்தக் கட்டைமேல நடந்து போய் ஊத்துவேன். முந்தின நாள் மழை பெஞ்சிருந்தா பாரிட் பொங்கி ஓடும், கட்டை பாசி பிடிச்சு வழுக்கும். கத்தியோட போய் வெட்டிட்டு வர்றதே பெரும்பாடு. கையில பாலை வேற ஏந்திக்கிட்டு நடக்க எனக்கென்ன பைத்தியமா? கங்காணியும் அன்னிக்கு அந்தாண்ட வர மாட்டாரு. அதனால மழைக்கு மறுநாள் எல்லாம் இருபதாம் மங்கு மட்டும் காலியாவே இருக்கும். அதைக் கிராணிகிட்டக் கொண்டுபோகாம அங்கயே விட்டுடுவேன், அவரும் கேட்டதில்ல.

"இருபது"ன்னேன். மரத்தைக் கை காட்டினேன். "மழைக்கு மறுநாள். நோட்டுல பாருங்க துவான். மழைக்கு மறுநாள் மட்டும்."

பட்டை துரை சிரிப்பை நிறுத்திட்டு நோட்டைத் திறந்தாரு. மழை அளக்கற நோட்டு ஒண்ணு அவருகிட்டத் தனியா இருந்துச்சு, அதையும் எடுத்தாரு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு விரலை இதுலயும் ஒரு விரலை அதுலயும் ஓட்டினாரு. பக்கம் புரட்டினாரு. இன்னொரு பக்கம் புரட்டினாரு. ஆபீஸ்ல உக்காந்து பொய்யா எழுதறவனுக்கு எந்த மழைக்கு மறுநாள் எந்த மங்கு காலின்னு எப்படித் தெரியும்? கிராணி மழைக்கு மறுநாளும் அந்த வழுக்கற கட்டையைத் தாண்டிப் போய், காலி மங்கை எடுத்து நிறுத்து, அதை அப்படியே எழுதி வச்சிருக்காரு. எனக்கும் அன்னிக்குத்தான் அது தெரிஞ்சுது.

துரை நோட்டை மூடினாரு. தொப்பியைக் கழட்டி முகத்தைத் துடைச்சாரு. நாலு மாச வேலை அவருக்கும் குப்பையாப் போச்சு. கிராணிகிட்ட ரெண்டு வார்த்தை இங்கிலீஷ்ல சொன்னாரு, கையை நீட்டினாரு. கிராணி அந்தக் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு. பிறகு என் பக்கம் திரும்பி, தமிழ்ல, "மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கணுமாம். நீதான் வெட்டணுமாம். நிரவக் கூடாதாம்"னு சொன்னாரு. நன்றின்னு ஒரு வார்த்தை வரல.

திங்கக்கிழமை ஒண்ணாம் மங்கைக் கொண்டுபோய்க் கட்டைமேல வைக்கப் போனேன். அவரு கையை நீட்டினாரு. எனக்கு ஒரு நிமிஷம் என்ன செய்யறதுன்னே தெரியல. கையில குடுத்தேன், வாங்கிக்கிட்டாரு. அதுக்கப்புறம் அந்தக் கட்டையில யாரோ உக்கார ஆரம்பிச்சாங்க.

என் பேரு தப்பிச்சுது, ஏன்னா ஆராய்ச்சிக்கு என் கை வேணும். என் வீட்டுக்காரரு கை யாருக்கும் வேண்டாம். அடுத்த மாசம் ஆள் கழிக்கற லிஸ்டுக்குப் பேரு குடுத்தது கங்காணி. பெரட்டுல என் பேரு வந்துச்சு. அவரு பேரு வரல. கிராணிதான் படிச்சாரு, வேற யாரு படிப்பா? அந்த இடத்துல வந்ததும் நிறுத்தி, லிஸ்டைக் கிட்டத்துல வச்சு ஒரு தடவை பாத்துட்டு, அடுத்த பேரைக் கூப்பிட்டாரு. சாயந்தரம் கிராணியே பெரிய துரைகிட்டப் போய் அவருக்காகக் கேட்டாருன்னு பின்னால கேள்விப்பட்டேன். நடக்கல.

கப்பலேற மாட்டேன்னு சொல்லிட்டு என் வீட்டுக்காரரு ஜெஞ்சாரோம் பக்கம் ஒரு சீனன் காய்கறித் தோட்டத்துல வேலைக்குப் போனாரு. மாசத்துக்கு ஒரு தடவை வருவாரு. நான் சொன்ன பேச்சைக் கேக்கலன்னு ஒரு நாளும் திட்டினது இல்ல. அதைப் பத்திப் பேசினதே இல்ல. வருவாரு, சாப்பிடுவாரு, கூரையில எதையாவது சரி பண்ணுவாரு, போயிடுவாரு. அந்தப் பேசாம இருக்கறதுக்கு நான் கப்பலே ஏறியிருக்கலாம்.

வருஷம் முடியற நேரத்துல ஒரு தடவை வந்தாரு. சோறு போட்டேன். கையைக் கழுவிட்டு உக்காந்தவரு, தட்டைப் பாத்துக்கிட்டே, "அந்த உரிச்ச மரம் எப்படி இருக்கு?"ன்னு கேட்டாரு.

"மூணு செத்துப் போச்சு"ன்னேன். "மத்தது இலை எல்லாம் கொட்டிடுச்சு."

"பால்?"

"ஒரு சொட்டு இல்ல. கடைசி வரைக்கும்."

அவரு சோத்தைப் பிசைஞ்சாரு. ஒரு வாய் சாப்பிட்டாரு.

"அதையாவது சரியா எழுதிக்கிட்டாங்களா?"

"எழுதிக்கிட்டாங்க"ன்னேன்.

"சரி"ன்னாரு. இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாரு.